டயரில் உட்கார்ந்த சொல்தா

நெய் டப்பா மறுபடியும் காலி.

ஓகுஸ்தேன் டப்பாவைக் கவிழ்த்து, அடியைத் தட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுத்தமாக வழித்து எடுத்திருந்தார்கள். பூனைக்கு மூடியைத் திறக்கத் தெரியாது. எறும்பு என்றால் ஒன்றிரண்டாவது உள்ளேயே செத்துக் கிடக்கும். இது மனித வேலைதான் என்ற முடிவுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டார்.

“ழோசெத்! ஞாயித்துக்கிழமை திறந்த நெய் எங்க?”

“வயித்துல.”

“யாரு வயித்துல?”

“சாப்பிடத்தானே வாங்குறோம்? இதுக்குப் போய் விசாரணையா?” என்று அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

ஓகுஸ்தேன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படி வந்தவர்களைக் காரைக்காலில் ‘சொல்தா’ என்பார்கள். பட்டாளத்தில் அவர் பார்த்த வேலை சாமான் கிடங்குக் காவல். சிப்பாய்கள் ரொட்டியும் வெண்ணெயும் திருடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். சந்தேகத்தை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

நெய் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. வேர்க்கடலை போகிறது. வெல்லம் போகிறது. கல்யாண வீட்டில் செய்கிற மாதிரி ஒரு தூக்கு நிறையப் பொரிவிளங்காய் உருண்டை பிடித்து வைத்திருந்தார்கள். அதுவும் போய்விட்டது. எல்லாம் மகள் சுசான் வந்த பிறகுதான்.

சுசான் பிரான்சில், கிரெனோபிள் என்ற மலையூரில் நர்ஸ். நீண்ட லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். வந்தபோது இருந்த கன்னம் வேறு, இப்போது இருக்கும் கன்னம் வேறு. சட்டையும் தொளதொளவென்று போடுகிறாள். ஓகுஸ்தேன் கணக்குப் போட்டுப் பார்த்தார். வந்த விடை அவருக்குப் பிடிக்கவில்லை. அடுப்படிக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“பொண்ணு ரெண்டு பேருக்குச் சாப்பிடுறாளோன்னு தோணுது.”

ழோசெத் கரண்டியை ஓங்கினாள். “நாலு பேருக்குச் சாப்பிடுறா. ஆனா வயித்துல ஒருத்தரும் இல்ல. பெத்தவ எனக்குத் தெரியாதா? வாயக் கழுவுங்க.”

வாயைக் கழுவிக்கொண்டார். சந்தேகம் கழுவினால் போகிற ஜாதியில்லை. அதுவும் இந்தச் சமயத்தில். தரகர் தெட்சிணாமூர்த்தி ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். பையன் பெயர் ழான்-போல். துலூஸ் ஊரில் தபால் ஆபீஸ் உத்தியோகம். அப்பா கோட்டுச்சேரிக்காரர், பட்டாளத்தில் இருந்து காலமானவர். ஓகுஸ்தேன் பையன் குடிப்பானா, சீட்டாடுவானா, தாத்தா காலத்துப் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதங்களெல்லாம் சுத்தமா என்று மூன்று நாள் குடைந்தார். தரகருக்கே வியர்த்துவிட்டது. கடைசியில், “பையனோட அம்மா இந்த வாரத்துல வர்றாங்க முசே. மாயவரத்துல தங்கியிருக்காங்க. எல்லாம் அவங்க கையிலதான். அவங்களுக்குப் பிடிச்சிட்டா முடிஞ்ச மாதிரி,” என்று சொல்லிவிட்டுத் தப்பித்தார்.

பெண் பார்க்க வரும் நேரத்தில் பெண் இப்படி நெய் குடித்தால் என்ன ஆகும்? ஓகுஸ்தேன் புது நெய்யை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாளே கடைத்தெருவிலிருந்து தகவல் வந்துவிட்டது. சுசான் பரோட்டாக் கடை வாசலில் நின்றபடி, ஆண்பிள்ளைகளுக்கு நடுவில், பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டுத் தின்றுகொண்டிருந்தாளாம். கடைக்காரர் ஆஸியா பீவி மகன் வேறு, “சொல்தா வீட்ல அடுப்பு எரியலையா?” என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்குள் இருந்த விஷயம் ஊருக்குள் போய்விட்டது. ஓகுஸ்தேன் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அடுத்த தகவலை மீன்கூடையோடு வாசலில் கொண்டுவந்து இறக்கினாள் குஞ்சம்மாள். பட்டினச்சேரிக்காரி. மீனை விற்பதற்கு முன் செய்தியை விற்றுவிடுவாள்.

“ஏங்கய்யா, பாப்பாவுக்கு ஐஸ் கம்பெனில வேலையா? தெனம் அங்க வருதே.”

“ஐஸ் கம்பெனியிலயா? அங்க யாரு இருக்கா?”

“மொதலாளி மவன் இருக்காரு. கல்யாணம் ஆவல.”

ஓகுஸ்தேன் செருப்பை மாட்டாமலே கிளம்பினார். மீனுக்கு ஐஸ் கட்டி வார்க்கிற கம்பெனி அது. முதலாளி மகன் வாசலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். சுசான் உள்ளே, ஐஸ் அடுக்கிய அறையில், ஒரு கட்டியின்மேல் சாக்கு விரித்துத் தனியாக உட்கார்ந்து, வெறுங்கையால் ஒரு கயிற்றில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

“என்னம்மா பண்ற?”

“சும்மாப்பா. விரல் மரத்தாலும் முடிச்சு போட வருதான்னு பாக்குறேன்.”

முதலாளி மகனுக்காக அவர் தயார் செய்துகொண்டு வந்த வசவெல்லாம் வீணாகிவிட்டது. உண்மையைக் கறக்காமல் போவதில்லை என்று எதிரிலேயே உட்கார்ந்தார். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த முடிச்சைப் போட்டாள். அவருக்குத்தான் பல் கிட்டி, முதலாளி மகன் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து வெயிலில் நிறுத்தும்படி ஆயிற்று. இரண்டு நாள் தும்மினார்.

மூன்றாம் நாள், விடிந்ததும் வீட்டுப் பின்புறத்தில் மணலில் ஒரு தடம் கண்டார். கனமான எதையோ இழுத்துப்போன தடம். கொல்லைப் படலைத் தாண்டி, சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடற்கரைக்குப் போயிற்று. நேராகத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார்.

கரையில் கட்டுமரம் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சுசான், இரண்டு கையிலும் மூங்கில் கழி ஊன்றி, இடுப்பில் கட்டிய கயிற்றில் ஒரு லாரி டயரை இழுத்துக்கொண்டு மணலில் நடந்துகொண்டிருந்தாள்.

“சுசான்! நில்லு!”

அவள் நிற்கவில்லை. அவர் ஓடிப்போய், வேறு வழி தோன்றாமல், டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். அப்போதும் அவள் நிற்கவில்லை. ஒரு கணம் கயிறு விறைத்தது. பிறகு டயர் நகர்ந்தது. சொல்தாவும் நகர்ந்தார். கரையில் ஒரே சிரிப்பு.

“இது என்ன கூத்து?” என்று அவள் முதுகைப் பார்த்துக் கத்தினார்.

“பயிற்சிப்பா. நீங்க உக்காந்தது நல்லதாப் போச்சு. கனம் பத்தலன்னு நெனச்சேன்.”

“எதுக்குப் பயிற்சி?”

அவள் நின்று, மூச்சு வாங்கித் திரும்பினாள். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை என்று முகத்தில் தெரிந்தது.

“வட துருவத்துக்குப்பா. பொம்பளைங்க மட்டும் போறோம். கால்ல பனிச்சறுக்குக் கட்டை, இடுப்புல சாமான் வண்டி. நாயும் கிடையாது, எஞ்சினும் கிடையாது. இப்ப ஆள் எடுக்குறாங்க, நானும் பேர் குடுத்திருக்கேன். அங்க போனா உடம்பு உருகிடும். அதனால முன்னாடியே சதை போட்டுக்கணும். அதான் நெய்யி.”

“யாரு எடுக்குறா?”

“எங்க குழு டாக்டரம்மா. பாண்டிச்சேரிக்கு லீவுல வந்திருக்காங்க. இந்த வாரம் நம்ம வீட்டுக்கு வர்றாங்க. ஆள மட்டும் பாத்தாப் பத்தாதாம், வளந்த வீட்டையும் பாக்கணுமாம்.”

மீன் வாங்க வந்து, கூடையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த குஞ்சம்மாள் முகவாயில் கை வைத்தாள். “பாப்பா வெள்ளக்காரிச்சிங்க கூடவா போவப்போவுது?”

ஓகுஸ்தேனுக்கு எந்தத் துக்கத்திலும் இந்தப் பேச்சு மட்டும் பொறுக்காது. “பிரெஞ்சுக்காரின்னா வெள்ளையாத்தான் இருக்கணுமா? அப்ப நான் யாரு? பதினாலாம் ஜூலை, பிரெஞ்சு தேசிய நாளுக்குக் கொடி வணக்கம் பண்றவன் யாரு? எத்தனை தடவ சொல்றது உங்களுக்கெல்லாம்?” என்று சீறினார். டயரில் உட்கார்ந்தபடி சொன்னதால் அவ்வளவாக எடுபடவில்லை.

வீட்டுக்கு வந்து ஈஸிசேரில் விழுந்தவர் வெகுநேரம் தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டு விரல் இல்லை. ஆல்ப்ஸ் மலை முகாமில் ஒரு குளிர்காலம் அவற்றை வாங்கிக்கொண்டது. விரல் முதலில் சிவக்கும், பிறகு வெளுக்கும், பிறகு வலியே இருக்காது. வலி நின்றதும் சந்தோஷப்பட்ட முட்டாள் அவர். அதனால்தான் சுசான் சின்னக் குழந்தையாக இருந்தபோதே, இந்தக் காரைக்கால் வெயிலிலும், குளித்ததும் கால் விரல் இடுக்கைத் துணியால் துடைத்துக் காட்டினால்தான் சோறு என்று வளர்த்தார். ஊரே சிரித்தது. அவருக்கு இருப்பது ஒரே பெண். அவளைப் பனியில் விடுவதை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான், வேறு காரணமில்லை.

“இந்த வாரம் ரெண்டு பேர் வர்றாங்க,” என்றார் ழோசெத்திடம். “சம்பந்தியம்மா வந்தா ராஜோபசாரம். அந்த டாக்டர் வந்தா நான் பேசிக்கிறேன். நீ வாயத் திறக்காத.”

“நான் எப்பத் திறந்தேன்?” என்றாள் ழோசெத்.

சம்பந்தியம்மாதான் முதலில் வந்தார். வியாழக்கிழமை காலை வாசலில் டாக்ஸி நின்றது. நரைத்த கொண்டை, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, நெற்றியில் சின்னப் பொட்டு. கட்டுமஸ்தான உடம்பு. புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருந்ததை ஓகுஸ்தேன் உடனே குறித்துக்கொண்டார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கால் கூச்சம் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

“சுசான் வீடுதானுங்களே? நான் பிரான்ஸ்லேருந்து வந்திருக்கேன். வர்றதாச் சொல்லியிருப்பாங்களே?”

“சொன்னாங்க, சொன்னாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். உக்காருங்க. ழோசெத், காப்பி!”

சம்பந்தியாகப் போகிறவரிடம் பெயர் கேட்பது மரியாதையில்லை. கேட்கவில்லை. அந்த அம்மாள் காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, கூடவே வைத்த புதுப் பொரிவிளங்காய் உருண்டையை எடுத்துக் கடித்தார். கடக்கென்று சத்தம் கேட்டது.

“சுசான் செஞ்சதுங்களா?”

“அவளேதான்! எத்தனை மாசம் வெச்சாலும் கெடாது.”

“சுசான் பல்லு எப்படி?”

“இதையே ஒரே கடியாக் கடிப்பா. வேற என்னங்க சொல்றது?”

அந்த அம்மாள் தலையாட்டினார். “கோவிச்சுக்காதீங்க. ஆள எடுக்குறப்ப எல்லாத்தையும் கேட்டுடணும். அங்க இடம் நெருக்கடி. நாலஞ்சு பொம்பளைங்க ஒண்ணா இருந்தாகணும். சண்டை போடுவாளா?”

ஓகுஸ்தேனுக்குப் புரிந்தது. நாத்தனார்கள் இருக்கிறார்கள். “வாயே திறக்க மாட்டா. அவங்க அம்மா வளர்ப்பு.”

“கனம் தூக்குவாளா?”

பிரான்சில் மாடி வீடு, லிஃப்ட் இருக்காது. அதுவும் அவருக்குத் தெரியும். “என்னை டயர்ல உக்கார வெச்சு கடற்கரை பூரா இழுத்தா. பட்டினச்சேரியே சாட்சி.”

“குளிருக்குப் பயப்படுவாளா?”

“ஐஸ் கம்பெனிலதான் பொழுது போக்குறா. அது மட்டுமில்லங்க.” செருப்பைக் கழற்றி இடது காலைக் காட்டினார். விரல் போன கதையையும், விரல் இடுக்கைத் துடைத்துக் காட்டினால்தான் சோறு போட்ட கதையையும் சொன்னார். “இன்னிக்கும் ராத்திரி கால் பாக்காமப் படுக்க மாட்டா. அப்படி வளத்திருக்கேன்.”

அந்த அம்மாள் குனிந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் பார்க்க வந்தவர் பெண்ணின் அப்பா காலை எதற்கு இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார் என்று ஓகுஸ்தேனுக்குச் சுருக்கென்றது. ஆனால் நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

“இப்படி ஒரு அப்பா வளத்த பொண்ணு எங்களுக்கு எங்க கிடைப்பா?” என்றார்.

அப்போது கடற்கரையிலிருந்து திரும்பிய சுசான், “பொன்ஜூர் மதாம்!” என்று ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

ஓகுஸ்தேனின் புருவம் ஏறியது. “உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமா?”

“கிரெனோபிள்ல ரெண்டு மூணு தடவ பாத்திருக்கோம்ப்பா.”

அப்படியா சங்கதி! அவர் மனதுக்குள் விசிலடித்தார். அம்மாவைத் தெரியும் என்றால் பிள்ளையைத் தெரியாமலா இருக்கும்? காதல்! தரகர் கொண்டுவந்த வரனே காதல் வரன்! இனித் துருவமாவது கிருவமாவது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் அவருக்கு இனித்தது. ழோசெத்திடம் கண்காட்டி, வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டை வரவழைத்து, அந்த அம்மாள் கையில் கொடுத்தார்.

“எங்க பொண்ணு இனிமே உங்க பொண்ணு. சொல்தா வாக்கு. மாறாது.”

“நாங்க பாத்துக்குறோம். நவம்பர் மாசம் அனுப்பிடுங்க,” என்ற அந்த அம்மாள் பையிலிருந்து முரட்டுக் கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்து சுசானிடம் நீட்டினார். பரிசமாகப் புடவை கொடுப்பார்கள், மோதிரம் கொடுப்பார்கள். சாக்ஸ் கொடுத்து அவர் பார்த்ததில்லை. துலூஸில் குளிர் போலிருக்கிறது.

டாக்ஸி போனதும் சுசான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “இவ்வளவு சுலபமா சம்மதிப்பீங்கன்னு நான் நெனக்கவே இல்லப்பா.”

“உன் மனசு எனக்குத் தெரியாதா?” என்றார். அவருக்கும் அழுகை வந்தது. அன்று சாயங்காலம் தானே கடைக்குப் போய் பெரிய டப்பாவாக நெய் வாங்கி வந்தார். கல்யாணப் பெண் சாப்பிடட்டும்.

வெள்ளிக்கிழமை, சுசான் கடற்கரையிலும் ழோசெத் கோவிலிலும் இருந்த நேரம், வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. இறங்கியவள் வெள்ளைக்காரி. தொப்பி, கவுன், வெயிலில் சிவந்த மூக்கு. ஓகுஸ்தேன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“முசியே ஓகுஸ்தேன்?” என்று பிரெஞ்சில் ஆரம்பித்தாள். “நான்...”

“நீங்கள் யாரென்று தெரியும், மதாம். எதற்கு வந்தீர்கள் என்பதும் தெரியும்,” என்று பட்டாளத்துப் பிரெஞ்சில் இடைமறித்தார். எலுமிச்சம்பழ ஜூஸ் மட்டும் கொண்டுவந்து வைத்தார். எதிரிக்கும் தண்ணீர் கொடுக்க வேண்டும் அல்லவா?

“நல்லது. சுசானைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டேன். பார்க்க ஆசையாக வந்தேன்.”

“பார்க்காமல் இருப்பது உங்களுக்கு நல்லது.”

அவள் கையில் எடுத்த டம்ளர் பாதியில் நின்றது. “ஏன்?”

“பெற்றவன் சொல்கிறேன், கேளுங்கள். மகா சோம்பேறி. உச்சி வெயில் வந்தால்தான் எழுந்திருப்பாள். நேற்று வாங்கிய நெய் இன்று இருக்காது. குறட்டை விட்டால் ஓடு நகரும்.”

“அப்படியா!”

“சண்டைக்காரி. கூட இருப்பவர்களோடு ஒரு நாள் ஒத்துப்போக மாட்டாள். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள். போன மாதம் கத்தியை வீசினாள்.” போன மாதம் வீசியது ழோசெத், அதுவும் கத்தரிக்காயை. நல்ல காரியத்துக்காக இந்த மாற்றம் தப்பில்லை என்று பட்டது.

வெள்ளைக்காரியின் சிவந்த மூக்கு வெளுத்தது. “கூட இருப்பவர்களுக்கு ஆபத்து என்கிறீர்களா?”

“ஒரே கூரைக்கடியில் படுத்தவர்கள் காலையில் எழுந்திருப்பார்கள் என்று நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்.”

“கடவுளே!” அவள் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாள். ஜூஸை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. வாசலில் திரும்பி, “நீங்கள் மிகவும் நேர்மையானவர், முசியே. வேறு எந்தத் தகப்பனும் இதைச் சொல்லியிருக்க மாட்டார். உங்களுக்கு நன்றி,” என்றாள். ரிக்‌ஷாக்காரரிடம் சீக்கிரம் சீக்கிரம் என்று கையசைத்தாள்.

ஓகுஸ்தேன் அந்த ஜூஸைத் தானே குடித்தார். அவ்வளவு ருசியான ஜூஸ் அவர் குடித்ததேயில்லை.

சனிக்கிழமை காலை அவரும் கடற்கரைக்குப் போனார். சுசான் இன்னும் டயரை விடவில்லை. புது சாக்ஸைப் போட்டுக்கொண்டு மணலில் நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். துருவ ஆசை ஒரே நாளில் போகாது, பாவம். கல்யாணம் வரைக்கும் விளையாடட்டும் என்று, அவரே வலியப் போய் டயரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுசான் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு இழுத்தாள். குளிர்ந்த காற்று. கட்டுமரக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தார். இப்படி நிம்மதியாக அவர் எந்த வாகனத்திலும் போனதில்லை.

சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து தரகர் தெட்சிணாமூர்த்தி, ஒரு கையில் குடையும் ஒரு கையில் செருப்புமாக, மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்தார்.

“முசே! என்ன முசே இப்படிப் பண்ணிட்டீங்க? மாப்பிள்ளையோட அம்மா இந்தச் சம்பந்தமே வேணாம்னுட்டு மாயவரத்துல ரயில் ஏறிட்டாங்க!”

ஓகுஸ்தேன் சிரித்தார். “உமக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. வியாழக்கிழமையே எல்லாம் முடிஞ்சாச்சு ஓய். தட்டு வாங்கிக்கிட்டாங்க. நவம்பர்ல அனுப்பறதா நான் வாக்கே குடுத்துட்டேன். என் கால் கதையக் கேட்டு, அந்தம்மா புடவைத் தலைப்பால கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க, தெரியுமா?”

டயர் நகர்ந்துகொண்டே இருந்தது. தரகர் பக்கத்திலேயே ஓடிவந்து, மூச்சு வாங்கியபடி கேட்டார்:

“புடவையா? மாப்பிள்ளையோட அம்மா வெள்ளைக்காரங்க முசே! நேத்து நீங்க குடுத்த எலுமிச்சம்பழ ஜூஸக்கூடக் குடிக்காமத்தானே ஓடி வந்திருக்காங்க!”